காது கீறிய கிடாவின் மார்ச் மாத விலை

பாய் கையை எடுத்த அந்த நொடியில்தான் எனக்கு அந்த எண்ணம் பிடித்தது.

மார்ச் மாதக் கடைசி நாள், காலை வேளை. செஞ்சியிலிருந்து வல்லம் போகிற ரோட்டில் எங்கள் கம்பெனியின் ஆட்டுப் பண்ணை இருக்கிறது. செஞ்சிச் சந்தையில் ஆடு வாங்கி விற்றே தலை நரைத்த வியாபாரி பாய். விலை சொல்வதற்காகவே அன்று அவரை வரவழைத்திருந்தோம். ஒவ்வொரு தடுப்பாக நுழைவார். ஆட்டின் முதுகெலும்பு மேல் கட்டை விரலை ஓட்டுவார், தொடையை ஒரு பிடி பிடிப்பார், விலை சொல்வார். நான் லேப்டாப்பை ஒரு கையில் ஏந்திக்கொண்டு பின்னாலேயே போய்த் தட்டிக்கொண்டிருந்தேன். கடைசித் தடுப்பின் மூலையில் ஒரு கறுப்புக் கிடா தனியாக நின்றது. அதன் முதுகிலும் கை வைத்தார். பிறகு அதன் வலது காதைப் பார்த்தார். அடுப்பில் கை பட்டவர் மாதிரி எடுத்து, லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"இது வேணாம் பாப்பா. அடுத்ததுக்குப் போ."

"நீங்க வாங்க வேணாம் பாய். விலை மட்டும் சொல்லுங்க."

"வாங்காததுக்கு இன்னான்னு விலை சொல்றது? காதைப் பாரு. நேர்ந்து வுட்டது. செஞ்சிச் சந்தையில இதுக்கு எவனும் கயிறு புடிக்க மாட்டான். நான் வேற சாமி கும்புடறவன்தான். ஆனா நானும் இந்த ஊர்லதானே பொழப்பு நடத்தணும்?"

அவர் அடுத்த ஆட்டுக்குப் போய்விட்டார். நான் நகரவில்லை. எடை இருந்தது, பல் இருந்தது, பளபளவென்று தோல் இருந்தது. நல்ல கிடா என்று எனக்கே தெரிந்தது. விலை மட்டும் காணாமல் போயிருந்தது. அப்படியென்றால் விலை இவ்வளவு நேரமும் எங்கே இருந்தது? ஆட்டுக்குள் இருந்திருந்தால் இப்போதும் இருக்க வேண்டுமே. எனக்கு உடம்பு சிலிர்த்தது. சந்தோஷத்திலா பயத்திலா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பண்ணைக்குக் கணக்கு எழுதுவது நான்தான். மற்ற கம்பெனிகளில் மேசை, நாற்காலி, மெஷின் எல்லாம் வாங்கின விலையில் கணக்கில் ஏறி வருடா வருடம் தேயும். உயிருள்ள சொத்து அப்படித் தேயாது. மார்ச்சில் முடிகிற ஒவ்வொரு கணக்கு வருடக் கடைசியிலும், அன்றைக்கு அதை விற்றால் சந்தையில் என்ன கிடைக்குமோ, அதில் தரகு மாதிரியான விற்கிற செலவைக் கழித்து, மிச்சத்தைக் காட்ட வேண்டும். நியாய மதிப்பு என்று அதற்குப் பெயர். ஆட்டை விற்கவே வேண்டாம். தழை தின்று வளர்ந்தாலே போதும், வளர்ந்தது அந்த வருடத்து லாபம். எம்.காம். வகுப்பில் இதைக் கேட்ட அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கணக்குக்குள் ஏதோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. சாப்பிட உட்கார்ந்தாலும் இதே பேச்சுதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கிற என் நைனா ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஆடு எண்றதுக்கா உன்ன எம்.காம். படிக்க வச்சேன்? பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாம வுட்டிருந்தா நேரா அதுக்கே போயிருப்பியே" என்றார். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

பாய் போன பிறகு ஆடுகளைப் பார்த்துக்கொள்கிற அக்காவைத் தேடிப் போனேன். நாற்பது வயதைத் தாண்டியவள். வல்லத்துக்காரி. பண்ணை ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறாள். தீவனத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கா அந்தக் கறுப்புக் கிடாவுக்குக் காதைக் கீறுனது?"

"நான்தான். வாழ்முனிக்கு வுட்டிருக்குது."

பச்சையம்மன் கோயில் எங்கள் பக்கத்தில் பல ஊர்களில் உண்டு. உள்ளே இருக்கிற அம்மனுக்குப் பொங்கல் மட்டும்தான். வெளியே கத்தி பிடித்து, கண்ணை உருட்டிக்கொண்டு, ஆளைவிடப் பல மடங்கு உயரத்தில் உட்கார்ந்திருக்கிற வாழ்முனிக்குத்தான் கிடா. வேண்டிக்கொண்டவர்கள் குட்டியிலேயே காதைக் கீறி மஞ்சள் தடவி விட்டுவிடுவார்கள். அதன் பிறகு அது அந்த வீட்டு ஆடு இல்லை. விற்கக் கூடாது, மாற்றக் கூடாது. இதெல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். ஆனால்,

"அக்கா, அது கம்பெனி ஆடு."

"அதைப் போட்டுட்டு அதோட ஆத்தா அன்னிக்கே செத்துப்பூட்டா. இதுவும் பொழைக்காது, குழியில போட்டுடுன்னாரு அப்ப இருந்த சூப்பர்வைசரு. வீட்டுக்குத் தூக்கினு போயி புட்டிப்பால் குடுத்தேன். மடியில வச்சினு தூங்குனேன். அப்ப யாரு ஆடு அது?"

"அப்பவும் கம்பெனி ஆடுதான்."

"நீ அப்படித்தான் சொல்லுவ. படிச்சிருக்கியே."

விஷயம் இதுதான். தளவானூரில் கட்டிக்கொடுத்த அவள் மகளுக்கு முதல் குழந்தை தங்கவில்லை. இரண்டாவது, மாதம் நிறையும் முன்பே பிறந்துவிட்டது. விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வராண்டாவில் உட்கார்ந்திருந்த அக்கா, தன்னிடம் உயிரோடு என்ன இருக்கிறது என்று யோசித்திருக்கிறாள். குத்தகை நிலம், அடுத்தவர் மாடு. அவள் கையால் பிழைத்தது என்று அந்த ஒரு குட்டிதான் நினைவுக்கு வந்திருக்கிறது. குழந்தை பிழைத்தால், வருடம் திரும்புவதற்குள் ஆடியில் மொட்டை போட்டு இந்தக் கிடாவைத் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். குழந்தை பிழைத்தது. அவள் பண்ணைக்கு வந்து பிளேடால் காதைக் கீறினாள். இடது காதில் கம்பெனியின் மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை, வலது காதில் வாழ்முனியின் கீறல். யாருக்கும் தெரியாமல் செய்யவில்லை. யாரிடமும் கேட்க வேண்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றவில்லை.

"வேற ஒரு கிடா வாங்கிக் குடுத்துட்டா ஆகாதா?" என்று கேட்டேன்.

தொட்டித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள். "உன் கொழந்தைக்குப் பதிலா வேற கொழந்தை குடுத்தா நீ வாங்கினு போவியா?"

அன்று என் ஷீட்டில் ஒரு கட்டம் காலியாகவே நின்றது. சுழியம் போடலாம். ஆனால் சுழியமும் ஒரு விலைதான். செத்த ஆட்டுக்குப் போடுவது அது. உயிரோடு நிற்கிறதற்கு எப்படிப் போடுவது?

அதற்குப் பிறகுதான் பண்ணை எனக்கு ஒரு மாதிரியாக ஆகிவிட்டது.

எங்கள் ஆடுகள் பரண் மேல் வளர்கின்றன. நெஞ்சு உயரத்தில் மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடித்த தளம். புழுக்கை கீழே உதிர்ந்துவிடும். மாதம் ஒருமுறை எருக் கணக்குக்காக நான் பரணுக்குக் கீழே குனிந்து போவேன். அங்கே வெளிச்சம் கோடு கோடாக விழும். மேலே குளம்புச் சத்தம் மழை மாதிரி. ஆடுகள் தெரியாது, குளம்புகளும் வயிறுகளும்தான். ஏப்ரலில் அப்படிப் போனபோது, நான் நடக்க நடக்க எனக்கு நேர் மேலே ஒரு ஜோடிக் குளம்பு கூடவே வந்தது. நின்றால் நின்றது. அண்ணாந்தேன். சட்ட இடைவெளியில் நீளமான ஒரு கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மனிதர் வாசனைக்கு ஆடு வரும், தீவனம் என்று நினைக்கும், எல்லாம் தெரியும். அந்தக் கறுப்புக் கிடா கத்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றும் கத்தவில்லை. நான் எருவை அளக்காமலே வெளியே வந்துவிட்டேன்.

மேயில் கறுப்புக் கிடா இருந்த பக்கத்துக் கிடாக்களைச் சென்னை இறைச்சி வியாபாரிக்கு ஏற்றினார்கள். வந்த லாரி சின்னது. இடம் போதாமல் கடைசித் தடுப்பு மட்டும் அடுத்த லோடுக்கு என்று மிஞ்சியது. ஏற்றிப்போனவை அந்த வாரமே கறியாகியிருக்கும். ஆனால் ஆடிட்டுக்காக நான் தினமும் திறக்கிற ஷீட்டில் அவை எல்லாம் மார்ச் முப்பத்தொன்றாம் தேதியில் நின்றுகொண்டிருந்தன. அந்தத் தேதியில் அவை உயிரோடு இருந்தன, அதனால் அந்தத் தேதியில் எப்போதும் உயிரோடு இருக்கும். விதி அப்படித்தான், விதி சரியும்கூட. இருந்தாலும் வரிசை வரிசையாக அவற்றைக் கீழே தள்ளிக்கொண்டு போகும்போது, தாங்கள் போய்விட்டது இவற்றுக்கு இன்னும் தெரியாது என்று ஒரு நினைப்பு வரும். காலித் தடுப்புகளைத் தாண்டிப் போகையில் காலடியை மெதுவாக வைக்க ஆரம்பித்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் காதைப் பார்ப்பேன். நைனா கடைக்கு வருகிறவர்களின் காதைப் பார்ப்பேன். "இன்னாடி, எல்லார் கம்மலையும் வெறிக்கிற? உனக்கு வேணுமா?" என்று அம்மா கேட்டாள். சொன்னால் சிரிப்பாள் என்று ஆமாம் என்றுவிட்டேன்.

ஜூனில் குழந்தைக்கு இருமல் வந்தது. நெஞ்சு உள்வாங்குகிற இருமல். மகள் குழந்தையோடு வல்லத்துக்கு வந்துவிட்டாள். டாக்டர் மருந்து கொடுத்தார். குறைந்தது, மறுபடி வந்தது. அக்கா ஒன்றும் புலம்பவில்லை. கறுப்புக் கிடாவுக்குத் தழை வைக்கும்போது மட்டும் அதன் முன்னால் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றாள்.

"டாக்டர் இன்னாக்கா சொன்னாரு?"

"நுரையீரல் வளரணுமாம். ஆடி வந்துட்டா சரியாப் பூடும்."

எனக்கு அப்படி நம்பிக்கை எல்லாம் கிடையாது. ஆனால் அவள் ஆடி என்று சொன்னபோது நான் மனதுக்குள் வாரங்களைக் கணக்குப் போட்டேன்.

சென்ற வாரம் அடுத்த லாரி வந்தது. கடைசித் தடுப்பு முழுவதும் போக வேண்டும். எங்கள் மேனேஜர் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். நல்லவர், சத்தம் போட மாட்டார். விதி என்று ஒன்று இருந்தால் அதிலிருந்து நூல் பிசகமாட்டார். பண்ணை ஆடுகளை வேலை செய்கிறவர்களுக்கு விற்கக் கூடாது என்பது தலைமை ஆபீஸின் விதி. முன்னே யாரோ நல்ல கிடாவை நோஞ்சான் என்று எழுதி வாங்கிப் போனதால் வந்தது. கிடாவின் விலையைத் தன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி அக்கா கேட்டு அவர் மறுத்திருந்தார்.

ஏற்று ஆட்கள் எல்லா ஆட்டையும் தூக்கிப் போட்டார்கள். கறுப்புக் கிடாவிடம் வந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ தூக்குடா."

"நீ தூக்கு. உனக்குத்தான் இன்னும் கல்யாணம் ஆவல, புள்ளகுட்டி இல்ல."

"ஆவ வேணாமா எனக்கு?"

மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. "வுடுங்கப்பா, நானே ஏத்தறேன்" என்று கயிற்றைப் பிடித்தார். கிடா முரண்டு பிடிக்கவே இல்லை. சாய்த்து வைத்த பலகை மேல் அவரோடு தானாகவே ஏறியது. மேலே போய்த் திரும்பி நின்றது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முரண்டு பிடித்திருந்தால் பரவாயில்லை. அக்கா லாரிக்குப் பின்னால் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை, கும்பிடவில்லை. குழந்தை இருமியது. அவ்வளவுதான் சத்தம்.

டிரைவர் இறங்கி வந்தார். "சார், இத ஏத்துனீங்கன்னா நான் வண்டி எடுக்க மாட்டேன். திண்டிவனம் ரோட்டுல நான்தான் போவணும், நீங்க இல்ல."

மேனேஜர் கிடாவோடு இறங்கி வந்து கயிற்றை என் பக்கத்துத் தூணில் கட்டினார். லாரி அது இல்லாமல் போனது.

"எங்க ஊரா இருந்தா நானும் ஏத்தமாட்டேன் அம்மிணி" என்றார், யாரையும் பார்க்காமல். "இங்க நான் மேனேஜருங்களே."

அப்போதுதான் மார்ச்சிலிருந்து உள்ளே குடைந்துகொண்டிருந்ததை அவரிடம் கொட்டினேன். வேகமாகப் பேசினேன், வார்த்தை வார்த்தை மேல் ஏறியது. இந்தக் கிடாவின் நியாய மதிப்பு ஒன்றுமில்லை சார். சந்தையில் வாங்குகிறவர்கள் யாருக்கும் இது வேண்டாம். அப்படியென்றால் கணக்குப்படி இதை அக்காவுக்குக் கொடுத்தால் கம்பெனிக்கு நஷ்டமே கிடையாது.

அவர் கேட்டுக்கொண்டார். "நாம விக்கறது செஞ்சிச் சந்தையிலயா? சென்னைக்காரனுக்கு எடை போட்டுங்க. அவனுக்குக் காது எதுக்கு?"

சரியான கேள்வி. கம்பெனி வழக்கமாக விற்கிற சந்தை எதுவோ அதன் விலைதான் செல்லும். நானே பரீட்சையில் எழுதியது. தடுமாறினேன். பிறகு சொன்னேன்: "அந்தச் சந்தைக்கு நம்மால போக முடிஞ்சாதானே சார் அது நம்ம சந்தை? ஏத்த ஆள் இல்ல. ஓட்ட ஆள் இல்ல. இப்பதானே பார்த்தீங்க."

அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. சென்னையிலிருக்கிற ஆடிட்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என்னைப் பேசச் சொன்னார். எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். "ஏம்மா, இந்த வருஷம் எனக்கு இதுதான் பாக்கி இருந்துச்சு" என்றார் ஆடிட்டர். "சாமி ஆட்டுக்கு அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டுல தனிப் பாரா கிடையாது. நீ சொல்றது தப்புன்னும் சொல்லமாட்டேன். ஆனா ஒரு வியாபாரி கையை எடுத்தார்னு நீ சொல்றத வச்சு நான் கையெழுத்துப் போட முடியாது. உங்க ஊர்ல வாரச் சந்தை இருக்குல்ல? கொண்டுபோய் நிறுத்து. காலைலேர்ந்து சந்தை கலையற வரைக்கும். விலை வந்தா அதுதான் விலை. வரலைன்னா, வரலைன்னு எழுதிக் குடு."

"யாராவது விலை கேட்டுட்டா சார்?"

"கேட்டா குடுத்துட வேண்டியதுதான்மா. விலை கேட்டவனுக்குக் குடுக்கமாட்டேன்னு சொன்னா அப்புறம் அது என்ன சந்தை?"

மேனேஜர் ஒப்புக்கொண்டார். சந்தையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அக்காவின் மருமகன் பண்ணையில் வேலை செய்கிறவர் இல்லை, அவரும் வந்து கேட்கலாம். அவர் அக்காவுக்கு மருமகன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுவேன் என்றேன். "எழுதுங்க, எழுதுங்க. எழுதாம நீங்க எங்க இருக்கப்போறீங்க" என்றார் மேனேஜர்.

நாளை வெள்ளிக்கிழமை, செஞ்சியில் சந்தை. இன்று பண்ணையிலேயே தங்குகிறேன் என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டேன். மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருக்கும்போது இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கிடா வெளியே தூணில் நிற்கிறது. பார்க்காமலே தெரிகிறது.

பயம் எனக்கு உள்ளூர்க்காரர்களிடம் இல்லை. சந்தைக்கு ஆந்திராவிலிருந்து வருகிறார்கள், கர்நாடகத்திலிருந்து வருகிறார்கள். அவர்களுக்கு வாழ்முனி யார்? வேலியில் கிழிந்த காது என்று நினைக்கலாம். மருமகன் கேட்கிற விலைக்கு மேல் ஒரு குரல் வந்தால் ஆடு போய்விடும். அதைத் தடுக்க நான் ஒன்றும் செய்யக் கூடாது. சாமி ஆடு, சாமி ஆடு என்று கூவினால் நான் கணக்கு எழுதுகிறவள் இல்லை, அக்கா பக்கத்துக் கட்சிக்காரி. கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லலாம். வலது காது கூட்டத்தைப் பார்த்து இருக்கிற மாதிரி நிறுத்துவேன். வாங்குகிறவருக்கு ஆட்டின் நிலைமை முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. அவ்வளவுதான் என் கையில் உள்ளது.

சாயங்காலம் அக்காவிடம் எல்லாம் விளக்கினேன். கேட்டுவிட்டு, "வேற யாராச்சும் தூக்கினு போயிட்டா?" என்றாள்.

நான் கிடாவின் கயிற்று முடிச்சை இழுத்துப் பார்த்தேன். அவளே, "முனிக்கு வேணும்னா முனி வச்சினுக்கும்" என்றாள். பிறகு குழந்தைக்கு மருந்து கொடுக்கப் போனாள்.

வண்டிக்காரர்கள் யாரும் வர மாட்டேன் என்றுவிட்டார்கள். நடத்தித்தான் கூட்டிப்போக வேண்டும். செஞ்சிக்கு நாலைந்து கிலோமீட்டர் இருக்கும். சந்தை விடியும் முன்பே கூடிவிடும், அதனால் இருட்டோடு கிளம்ப வேண்டும். அக்கா கயிறு பிடிப்பாள், நான் டார்ச் அடித்துக்கொண்டு பின்னால் போகலாம் என்று நினைத்திருந்தேன். அவள் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டாள்.

"நான் புடிக்கக் கூடாது. வுட்டவளே சந்தைக்கு ஓட்டினு போனா, குடுத்தத நானே திருப்பி எடுத்தாப்புல ஆயிடும். நீதான் புடிக்கணும். நான் பின்னால வரேன்."

நான் இதுவரை ஒரு ஆட்டைக்கூடக் கயிறு பிடித்து நடத்தியதில்லை. எந்தப் பக்கம் நிற்க வேண்டும், கழுத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் பிடிக்க வேண்டும், லாரி எதிரே வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவள் காட்டிக்கொடுத்திருக்கிறாள். இருட்டுவதற்குள் தூணிலிருந்து அவிழ்த்து, கேட் வரைக்கும் ஒருமுறை நடத்திப் பார்க்கப்போகிறேன்.